ஓட்டையைச் சொன்னவன் திருடனா?

பந்தல்குடியில் பஸ்சை விட்டு இறங்கினேன். உச்சி வெயில்.

அருப்புக்கோட்டையில் இருந்து எட்டயபுரம் போகிற பாதையில் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், உளுந்து, மல்லி என்று விதைப்பார்கள். மழை வந்தால் விளைச்சல். வராவிட்டால் கடன். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. சிமெண்டு செய்ய அதை வெட்டி எடுக்கிறார்கள்.

நான் போனது பயிர் இன்சூரன்சு பற்றி எழுத. நாலைந்து விவசாயிகளைப் பார்த்துப் பேசினேன். பிறகு பஸ்சுக்காக டீக்கடையில் உட்கார்ந்து இருந்தேன். அப்போது ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். வயது 19 இருக்கும். தினமும் அருப்புக்கோட்டைக்குப் பஸ்சில் போய் காலேஜில் படிக்கிறவன்.

"அண்ணே, நீங்க பத்திரிகைக்காரவுகளா?" என்று கேட்டான்.

"ஆமா தம்பி."

"ஒண்ணு கேக்கணும். தனியாக் கேக்கணும்."

கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்து நிழலுக்கு என்னை அழைத்துப் போனான். சட்டைப்பையில் இருந்து செல்போனை எடுத்தான். ஆனால் அதைத் திறக்கவில்லை. கையிலேயே வைத்துக் கொண்டு பேசினான்.

அவனுடைய அப்பத்தாவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டி இருந்தது. சர்க்கார் இணையதளம் ஒன்றில் மனுப் போட்டு இருந்தான். மனு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காக அதன் எண்ணை செல்போனில் அடித்தான். விரல் தவறிக் கடைசி எண் மாறிவிட்டது. உடனே வேறு யாரோ ஒருவருடைய மனு திறந்து கொண்டது! பெயர், வீட்டு விலாசம், செல்போன் எண், ஆதார் கார்டு நகல் எல்லாம் அப்படியே இருந்தன.

"இன்னொரு எண்ணும் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவண்ணே. நெசந்தானான்னு தெரிஞ்சுக்க. அதுலயும் வேற ஆளு வந்துச்சு. பயந்து போயி அணைச்சுட்டேன்."

"யார்ட்டயாவது சொன்னியா?"

"சொல்லலண்ணே. சொன்னா, 'அடுத்தவன் மனுவ நீ ஏன்டா பார்த்தே'ன்னு என்னையப் புடிச்சு உள்ள போட்ருவாகளோன்னு பயமா இருக்கு. சொல்லாம இருந்தாலும் மனசு கேக்கல. எங்க அப்பத்தா ஆதாரும் அதுலதான கெடக்கு?"

எந்த ஆபீசின் இணையதளம் என்று இங்கே எழுத மாட்டேன். ஏன் எழுத மாட்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

பையன் கேட்டது நியாயமான கேள்வி. சர்க்கார் கம்ப்யூட்டரில் ஒரு ஓட்டை இருப்பதை ஒருவன் தற்செயலாகப் பார்த்து விடுகிறான். அவன் என்ன செய்ய வேண்டும்? சர்க்கார் அவனை என்ன செய்ய வேண்டும்?

கண்மாய்க் கரை

இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கண்மாய் நிறைந்து கிடக்கிறது. ராத்திரி நேரம். கரை வழியாக ஒருவன் நடந்து போகிறான். ஒரு இடத்தில் கால் நனைகிறது. குனிந்து பார்த்தால் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறது. அவன் என்ன செய்வான்? ஊருக்குள் ஓடுவான். நீர்பாய்ச்சியை எழுப்புவான். நாலு பேர் மண்வெட்டியோடு வருவார்கள். விடிவதற்குள் ஓட்டை அடைந்து விடும்.

அவனைப் பார்த்து யாராவது, "இந்த நேரத்தில் கரையில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்பார்களா? கேட்டால் அடுத்த தடவை கசிவைப் பார்க்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். கால் நனைந்தால் துடைத்துக் கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து விடுவான்.

இன்னொரு வகை ஆளும் உண்டு. கசிவைப் பார்த்ததும் அதை இன்னும் கொஞ்சம் தோண்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொள்கிறவன். அவன் திருடன். சந்தேகமே இல்லை.

மூன்றாவது வகை ஒருவன். அவன் திருடன் அல்ல. ஆனால் ஓடிப்போய் சந்தையில் நின்று, "கரையில் இன்ன இடத்தில் ஓட்டை இருக்கிறது!" என்று கூவுகிறவன். நல்ல எண்ணம்தான். ஆனால் நீர்பாய்ச்சிக்கு முன்னால் திருடன் காதில் அது விழுந்து விடும்.

கம்ப்யூட்டர் ஓட்டையிலும் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள். மூன்று பேரையும் ஒரே கயிற்றால் கட்டுவதுதான் நம் நாட்டில் நடக்கிற தவறு என்பது என் அபிப்பிராயம்.

தாம்பரத்து மாணவன்

ஓட்டையைச் சொல்வது எப்படி என்பதைக் காட்டியவன் தமிழ்நாட்டுப் பையன்தான். தாம்பரத்தில் 12-ம் வகுப்பு படித்துக் கொண்டு இருந்த ஒரு மாணவன்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. ரெயில் டிக்கெட் எடுப்பதற்காக ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்துக்குள் போனான். அங்கே ஒரு ஓட்டை அவன் கண்ணில் பட்டது.

அது என்ன ஓட்டை? சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக் கொள்ளுங்கள். சைக்கிளை விட்டால் டோக்கன் தருவார்கள். உங்கள் டோக்கன் 41. திரும்பி வந்து, "என் டோக்கன் 42" என்று வாயால் சொல்கிறீர்கள். ஸ்டாண்டுக்காரர் டோக்கனை வாங்கிப் பார்க்காமலே 42-ம் நம்பர் சைக்கிளை எடுத்துக் கொடுத்து விடுகிறார். அப்படிப்பட்ட ஓட்டைதான் அது. உள்ளே வரும்போது கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்டது. ஆனால், "இந்த டிக்கெட் உன்னுடையதா?" என்று கேட்க மறந்து விட்டது.

டிக்கெட்டுக்கு உரிய எண்ணை மாற்றினால் முன்பின் தெரியாத பிரயாணியின் பெயர், வயது, எந்த ரெயிலில் எந்தத் தேதியில் போகிறார் என்பது எல்லாம் தெரிந்தது. அதுமட்டும் அல்ல. அவருக்குத் தெரியாமலே டிக்கெட்டை ரத்து செய்யலாம். ஏறும் ஸ்டேஷனை மாற்றலாம். சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.

கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்கு வருகிறது. பார்த்தால் டிக்கெட் இல்லை. யார் ரத்து செய்தது என்றே தெரியாது. எப்படி இருக்கும்?

மாணவன் யாருடைய டிக்கெட்டையும் தொடவில்லை. தன் கூட்டாளிகளிடம் பீற்றிக் கொள்ளவில்லை. டெல்லியில் உள்ள "செர்ட்-இன்" என்ற சர்க்கார் அமைப்புக்கு எழுதினான். 5 நாளில் ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் செய்தி பத்திரிகைகளில் வந்தது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடைப்பு. பிறகு செய்தி.

"செர்ட்-இன்" என்பது கம்ப்யூட்டர்களுக்கான தீயணைப்புப் படை மாதிரி. 2004-ம் ஆண்டு முதல் நடக்கிறது. மத்திய சர்க்காரின் கீழ் உள்ளது. இதுபோன்ற ஓட்டைகளைப் பொறுப்போடு சொல்கிறவர்களுக்காக அதில் தனி ஏற்பாடே இருக்கிறது. ஆனால் பந்தல்குடிப் பையனுக்கு அது தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சொல்லாமல் போன பணம்

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். பந்தல்குடியில் நான் பேசிய பெரியவர் ஒருவரே அந்தக் கதையை எடுத்தார்.

பி.எம். கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியது. விவசாயியின் பாங்கிக் கணக்குக்கு ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய், 2 ஆயிரம் வீதம் 3 தவணையாக வரும். 2020-ல் தமிழ்நாட்டில் பெரிய மோசடி வெளிவந்தது. விவசாயிகளே அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறி இருந்தார்கள். ஏறத்தாழ 5½ லட்சம் பேர்! 110 கோடி ரூபாய்! கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று 13 மாவட்டங்களில் இது நடந்து இருந்தது. 18 புரோக்கர்கள் கைது செய்யப்பட்டார்கள். 80 தற்காலிக ஊழியர்கள் வேலையை இழந்தார்கள்.

எப்படி நடந்தது? பூட்டை உடைத்து யாரும் உள்ளே போகவில்லை. விவசாயத் துறை அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போய் இருந்தது. பாஸ்வேர்டு என்பது சாவி. சாவி கைமாறியது. அதை வைத்துக்கொண்டு மனுக்களுக்கு "சரி" போட்டுத் தள்ளி விட்டார்கள். கொரோனா காலம். நேரில் போய் நிலத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். 5½ லட்சம் பெயர் ஒரே ராத்திரியில் ஏறி இருக்க முடியாது. வாரக்கணக்கில் ஏற்றி இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைப் பையன், ஆபீசில் தினக்கூலிக்கு டைப் அடிக்கிறவர், பக்கத்து மேஜைக்காரர் என்று யாராவது பார்த்துத்தான் இருப்பார்கள். "சாவி ஊரெல்லாம் சுற்றுகிறது" என்று ஒரு கடிதம் ஆரம்பத்திலேயே போய் இருந்தால்? யாருக்கு எழுதுவது என்று தெரிந்து இருந்தால்? எழுதினால் வம்பு வராது என்ற நம்பிக்கை இருந்து இருந்தால்?

கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் யார்? புரோக்கர் சொன்னதை நம்பி ஆதார் கார்டைக் கொடுத்த ஏழைகள். "கொரோனா பணம்" என்று சொல்லி அவர்களிடம் கார்டை வாங்கி இருந்தார்கள். வந்த பணத்தை அவர்கள் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது.

அடுத்த ஆண்டு, 2021-ல், இன்னொரு செய்தி. தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேருடைய விவரங்கள் இன்டர்நெட்டில் கிடக்கின்றன என்று ஒரு தனியார் கம்பெனி கண்டுபிடித்துச் சொன்னது. அரிசி வாங்கக் கொடுத்த விவரம் அது. அதை வைத்துக் கொண்டு போனில் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, விலாசத்தைச் சொல்லி ஏமாற்றலாம். நம் பெயரும் விலாசமும் சரியாகச் சொல்கிறவனை நாம் எளிதில் நம்பி விடுவோம் அல்லவா?

சொன்னவர் பட்ட பாடு

ஆனால் பையனுடைய பயம் வெறும் பயம் அல்ல. அதையும் சொல்ல வேண்டும்.

2018 ஜனவரி. சண்டிகாரில் இருந்து வெளிவரும் "டிரிபியூன்" பத்திரிகையின் நிருபர் ரச்னா கைரா ஒரு செய்தி எழுதினார். யாரோ ஒரு ஏஜெண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார். சில நிமிஷங்களில் ஒரு பாஸ்வேர்டு கிடைத்தது. அதை வைத்து, ஆதார் எண்ணை அடித்தால் யாருடைய பெயர், விலாசம், போட்டோ, போன் நம்பரை வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது என்று எழுதினார்.

நாடே அதிர்ந்தது. ஆதார் ஆணையம் என்ன செய்தது? தகவல் எதுவும் களவு போகவில்லை என்று மறுத்தது. கூடவே போலீசில் புகாரும் கொடுத்தது. அந்தப் புகாரின் பேரில் பதிவான வழக்கில் நிருபரின் பெயரும் இருந்தது! பத்திரிகையாளர் சங்கங்கள் கொதித்து எழுந்தன. பிறகு மத்திய மந்திரி ரவிசங்கர் பிரசாத், வழக்கு அடையாளம் தெரியாதவர்கள் மேல்தான் என்று விளக்கம் சொன்னார்.

வேடிக்கை என்ன என்றால், அந்த மாதம் 10-ந் தேதியே ஆணையம் ஒரு புது ஏற்பாட்டை அறிவித்தது. ஆதார் எண்ணைச் சொல்லாமல் அதற்குப் பதிலாக வேறு ஒரு 16 இலக்க எண்ணைக் கொடுக்கலாம் என்றது. பாதுகாப்பை இன்னும் கூட்டலாம் என்பதை அவர்களே ஒத்துக் கொண்ட மாதிரிதானே அது!

அதற்கு முன்பு, 2010-ல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத் என்ற என்ஜினீயர், வெளிநாட்டு நிபுணர்கள் 2 பேரோடு சேர்ந்து ஓட்டுப்பதிவு எந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். இதில் தில்லுமுல்லு செய்ய முடியும் என்று காட்டினார். அந்த எந்திரத்தை யார் கொடுத்தார்கள் என்று சொல்ல மறுத்தார். அது திருட்டுப்போன சர்க்கார் சொத்து என்று ஆகஸ்டு மாதம் அவரைக் கைது செய்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு ஜாமீன் கிடைத்தது. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. எந்திரம் வந்த வழி சரி இல்லை என்று போலீசார் கேட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால், "இந்தா, எந்திரம். வந்து எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்" என்று முதலிலேயே கொடுத்து இருந்தால் அவர் ஏன் வேறு வழி தேடப் போகிறார்?

கூடங்குளத்தில் நடந்தது

நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் பார்ப்போம்.

கூடங்குளம் அணு மின்நிலையத்தை யாரும் மறந்து இருக்க முடியாது. 2019 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அங்கே உள்ள கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்து இருப்பதாக டெல்லிக்குத் தகவல் போனது. தகவல் சொன்னவர்களில் ஒருவர் புக்ராஜ் சிங் என்ற பாதுகாப்பு நிபுணர். அவர் உடனே வெளியில் சொல்லவில்லை. அதற்கு உரிய மேலிடத்துக்குத்தான் முதலில் சொன்னார். ஏறத்தாழ 2 மாதம் சென்று, அக்டோபர் 28-ந் தேதி, விஷயம் வெளியே தெரிந்தது.

மறுநாள் மின்நிலையம் அறிக்கை விட்டது. "அப்படி எல்லாம் நடக்க முடியாது" என்றது. அதற்கு மறுநாள், அக்டோபர் 30-ந் தேதி, அணுசக்திக் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. வைரஸ் இருந்தது உண்மைதான் என்றது. ஆபீஸ் வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்து இருந்த கம்ப்யூட்டரில்தான் இருந்தது, அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி, அவற்றுக்கு ஒன்றும் இல்லை என்றது.

அந்த விளக்கம் நல்ல விளக்கம். உலையை இயக்குகிற கம்ப்யூட்டரை வெளி இன்டர்நெட்டோடு சேர்க்காமல் வைத்து இருந்ததும் நல்ல காரியம். முதல் நாளே அதைச் சொல்லி இருந்தால் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கி இருப்பார்கள். முதல் நாள் "இல்லை", மறுநாள் "உண்டு" என்றால் மூன்றாம் நாள் என்ன சொன்னாலும் இடிந்தகரைக்காரர்கள் எப்படி நம்புவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

இன்பர்மேஷன் டெக்னாலஜி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2000-ம் ஆண்டுச் சட்டம். அதன் 43-வது பிரிவு, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் போனால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. 66-வது பிரிவு, அதையே கெட்ட எண்ணத்தோடு, மோசடியாகச் செய்தால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மிக முக்கியமானவை என்று சர்க்கார் அறிவித்த கம்ப்யூட்டர்களில் கை வைத்தால் 10 வருஷம் வரை போகலாம்.

"கெட்ட எண்ணத்தோடு" என்ற வார்த்தை இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பீர்கள். எண்ணம் நல்லதா கெட்டதா என்பதைக் கோர்ட்டில்தானே தீர்மானிப்பார்கள்? அதற்குள் பையனுடைய செல்போனைப் பறிமுதல் செய்து இருப்பார்கள். அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் வாய்தாவுக்கு நடந்தே அவன் படிப்பு போய் இருக்கும். கடைசியில் "நிரபராதி" என்று தீர்ப்பு வந்தாலும் ஊரில் அவன் பெயர் "கம்ப்யூட்டர் திருடன்" என்று நிலைத்து இருக்கும். இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஓட்டையை அடைக்கச் சொன்னவனையும், ஓட்டை வழியாகப் பணம் எடுத்தவனையும் "ஹேக்கர்" என்று ஒரே வார்த்தையால் தலைப்புப் போடுகிறவர்கள் நாங்கள்தானே!

நல்ல எண்ணத்தோடு ஓட்டையைச் சொல்கிறவன் மேல் வழக்கு இல்லை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி வேண்டும் என்பதுதான் என் வாதம். இன்னொன்றும் வேண்டும். 2022 ஏப்ரலில் "செர்ட்-இன்" ஒரு உத்தரவு போட்டது. கம்ப்யூட்டரில் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆபீசுகளுக்கும் கம்பெனிகளுக்கும் கெடு வைத்தது. நல்ல உத்தரவு. அதே மாதிரி, ஓட்டையைச் சொன்னவனுக்கு இத்தனை நாளில் பதில் எழுத வேண்டும் என்று ஆபீசுகளுக்கும் ஒரு கெடு வேண்டாமா?

"இது எல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள் சிலர். நடந்து இருக்கிறது.

அமெரிக்க ராணுவத் தலைமையகம் பென்டகன். அங்கே 2016-ல், "எங்கள் இணையதளங்களில் ஓட்டை கண்டுபிடியுங்கள்" என்று அவர்களே ஆட்களைக் கூப்பிட்டார்கள். பெயர் கொடுத்துப் பதிவு செய்த 1,400-க்கும் மேற்பட்டவர்கள் தேடினார்கள். 138 ஓட்டைகள் அகப்பட்டன. அவற்றைக் கண்டுபிடித்தவர்களுக்கு சுமார் 75 ஆயிரம் டாலர் பரிசு கொடுத்தார்கள். ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுச் செய்து இருந்தால் 10 லட்சம் டாலருக்கு மேல் ஆகி இருக்கும் என்று அன்றைய ராணுவ மந்திரியே சொன்னார். 2020-ல், ஓட்டையைச் சொல்கிறவர்களுக்கு வழி என்ன என்பதை ஒவ்வொரு மத்திய சர்க்கார் இலாகாவும் வெளியிட வேண்டும் என்று அங்கே உத்தரவே போட்டு விட்டார்கள்.

நெதர்லாந்து சர்க்கார் இன்னும் தமாஷ். அங்கே ஓட்டையைச் சொன்னால் ஒரு பனியன் அனுப்புவார்கள். "நான் டச்சு சர்க்கார் கம்ப்யூட்டருக்குள் புகுந்தேன். எனக்குக் கிடைத்தது இந்த மட்டமான பனியன் மட்டுமே" என்று அதில் எழுதி இருக்கும்! அந்தப் பனியனுக்காகவே பையன்கள் போட்டி போடுகிறார்களாம்.

அமெரிக்காவிலும் எல்லோரும் புத்திசாலிகள் அல்ல. 2021-ல் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகையின் நிருபர் ஒருவர், கல்வித் துறை இணையதளத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் ரகசிய எண்கள் கிடப்பதைப் பார்த்தார். துறைக்குச் சொன்னார். அவர்கள் அடைக்கும் வரை பத்திரிகை காத்து இருந்தது. பிறகுதான் செய்தி போட்டது. கவர்னர் என்ன செய்தார்? நிருபர் மேல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார்! 2022 பிப்ரவரியில் சர்க்கார் வக்கீல், வழக்குப் போட முடியாது என்று சொல்லி விட்டார்.

நம் நாட்டிலும் மாறுதல் வராமல் இல்லை. "ஆரோக்கிய சேது" செயலியில் குறை கண்டுபிடித்தால் பரிசு என்று 2020-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. வழக்கில் நிருபர் பெயர் வந்ததே, அதே ஆதார் ஆணையம் 2022-ல் 20 நிபுணர்களைத் தேர்ந்து எடுத்து ஓட்டை தேடச் சொல்லத் திட்டம் போட்டது. நிபுணர்களுக்குக் கதவு திறந்து இருக்கிறது. விரல் தவறி ஓட்டையைப் பார்த்த பந்தல்குடிப் பையனுக்கு?

வேப்பமரத்தடியில்

நான் அவனுக்கு என்ன சொன்னேன் என்பதைச் சொல்கிறேன்.

"தம்பி, முதலில் இனிமேல் அந்த எண்ணை மாற்றிப் பார்க்காதே. ஒரு தடவை விரல் தவறியது. இரண்டாவது தடவை உறுதி செய்து கொண்டாய். அதோடு சரி. மூன்றாவது தடவை பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பது. எதையும் செல்போனில் நகல் எடுத்து வைக்காதே. அடுத்தவர் ஆதார் உன் போனில் இருந்தால், உன் எண்ணம் நல்லது என்று நீ எப்படி நிரூபிப்பாய்?"

"கூட்டாளிகட்ட?"

"வாயைத் திறக்காதே. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அரை மணியில் மதுரை வரை போய் விடும்."

"பரிசு தருவாகளாண்ணே?"

"அவர்களாகத் தந்தால் வாங்கிக் கொள். 'பணம் தந்தால்தான் சொல்வேன்' என்று மட்டும் எழுதி விடாதே. அந்த நிமிஷத்தில் நீ மிரட்டிப் பணம் கேட்கிறவன் ஆகி விடுவாய். அது வேறு குற்றம்."

பிறகு அவனை எழுதச் சொன்னேன். என்ன தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கம், என்ன செய்தபோது என்ன தெரிந்தது என்று நாலே வரி. அடுத்தவர் பெயர் எதுவும் வேண்டாம். தற்செயலாகப் பார்த்தேன், எதையும் எடுக்கவில்லை என்று ஒரு வரி. இவ்வளவுதான். ஒன்று அந்த ஆபீசுக்கு. ஒன்று "செர்ட்-இன்"னுக்கு. அதற்குக் கட்டணம் இல்லாத போன் எண்கூட இருக்கிறது: 1800-11-4949. தமிழ்நாட்டிலும் சர்க்கார் இதே மாதிரி ஓர் அமைப்பை "செர்ட்-டி.என்." என்ற பெயரில் வைத்து இருக்கிறது.

"எத்தன நாளு பொறுத்துப் பாக்கணும்?" என்று கேட்டான்.

உலகத்தில் பெரிய கம்பெனிகள் 90 நாள் என்று வழக்கம் வைத்து இருக்கின்றன. அதையே அவனுக்கும் சொன்னேன். 90 நாள் கழிந்தும் அசையாவிட்டால்? இங்கே என்னோடு மாறுபடுகிறவர்கள் இருப்பார்கள். "என்ன ஆனாலும் வெளியில் சொல்லக்கூடாது" என்பார்கள் அதிகாரிகள். நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். ஓட்டையை நம் பையன் பார்த்தான் என்றால் திருடனும் பார்த்து இருப்பான். சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் லாபம் திருடனுக்கு. ஓட்டை எந்த இடத்தில் என்று சொல்லாமல், இத்தனை நாளாக அடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். எம்.எல்.ஏ.விடம் சொல்லலாம். பத்திரிகையிடம் சொல்லலாம்.

அவன் அன்று ராத்திரியே இரண்டு கடிதங்களையும் ஈமெயிலில் அனுப்பினான். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினான். "மதிப்பிற்குரிய அய்யா" என்று தொடங்கி இருந்தது. கடைசியில், "என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்" என்று அவனாகவே ஒரு வரி சேர்த்து இருந்தான். அதை எடுத்து விடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"செர்ட்-இன்"னில் இருந்து, கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. ஆபீசில் இருந்து ஒன்றும் வரவில்லை. வாரம் ஒரு தடவை எனக்குப் போன் செய்வான். "வரலண்ணே" என்பான்.

5-வது வாரம் அவன் குரல் மாறி இருந்தது. அப்பத்தாவின் சான்றிதழ் தயாரா என்று பார்க்க அவளுடைய எண்ணைப் போட்டு இருக்கிறான். பக்கம் திறக்கவில்லை. "உங்கள் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் போடவும்" என்று கேட்டதாம். அதாவது, டோக்கனைக் கையில் வாங்கிப் பார்க்க ஆரம்பித்து விட்டார்கள். ஆபீசில் இருந்து இன்று வரை அவனுக்கு ஒரு வரி பதில் இல்லை.

இதில் ஒரு சங்கடமும் வந்து விட்டது. மனுப் போடும்போது அப்பத்தாவுக்கு என்று செல்போன் கிடையாது. புரோட்டாக் கடையில் வேலை செய்யும் சித்தப்பாவின் எண்ணைக் கொடுத்து இருந்தார்கள். அவர் இருப்பது திருப்பூரில். இப்போது ஓ.டி.பி. அங்கேதான் போகிறது. ராத்திரி கடை மூடியபிறகு அவருக்குப் போன் போட்டு, எண்ணைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டி இருக்கிறதாம்.

"நீ எழுதாமலே இருந்து இருக்கலாமேடா" என்று அப்பத்தா திட்டுகிறாளாம். சிரித்துக் கொண்டே சொன்னான்.